நுனிக்கு ஐந்து வயது: தலைமுடியை நோகாமல் பராமரிக்க ஒரு முழு வழிகாட்டி

இடுப்பு வரை முடி உள்ளவர்கள் அதன் நுனியைக் கையில் எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேரிலிருந்து நுனி வரை 60 சென்டிமீட்டர் என்றால், அந்த நுனி மண்டைத்தோலை விட்டு வெளியே வந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஐந்து கோடை வெயில், ஐந்து வருட உப்புத் தண்ணீர், சீப்பு, ரப்பர் பேண்டு, நான்கைந்து கல்யாணங்களுக்குப் போட்ட இறுக்கமான ஜடை என்று எல்லாவற்றையும் தாங்கிய நுனி அது. அதில் ரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை. ஓரிடத்தில் பிளந்தால் தானாக ஒட்டிக்கொள்ளாது.

பீரோவில் இருக்கும் அம்மாவின் பழைய பட்டுப்புடவையை நாம் எப்படிக் கையாளுகிறோம்? கல்லில் அடித்துத் துவைப்பதில்லை, முறுக்கிப் பிழிவதில்லை, கொடும் வெயிலில் போடுவதில்லை. முடியின் நீளத்துக்கும் அவ்வளவுதான் வேண்டும். உயிர் இருப்பதெல்லாம் தோலுக்குள்ளே, வேரில். அதற்குச் சோறு போடுவது உடம்பின் ரத்தம். ஆகவே நம் முன் இருப்பவை இரண்டு வேலைகள்: மண்டைத்தோலைச் சுத்தமாக வைத்திருப்பது, வளர்ந்துவிட்ட நீளத்தைத் தேயாமல் காப்பது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் என் குளியலறை அலமாரியில் ஒரு காலத்தில் பதினோரு புட்டிகள் நின்றன.

முதல் படி: இரண்டு வாரம் எதையும் வாங்காதீர்கள்

புதிதாக எதையாவது வாங்கித் தொடங்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. முதலில் உதிரும் முடியைப் பாருங்கள். தரையில் கிடக்கும் ஒரு முடியை எடுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். நீளமாக இருந்து, ஒரு முனையில் வெண்ணிறக் குமிழ் தெரிந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. துண்டு துண்டாக, குமிழ் இல்லாமல் இருந்தால் அது நடுவில் ஒடிந்தது. முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் உடம்புக்குள் இருக்கிறது. இரண்டாவதற்குக் காரணம் நம் கை, சீப்பு, துண்டு, முடியை நேராக்கும் இஸ்திரிக் கருவி. ஒடியும் முடிக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் பயனில்லை. உதிரும் முடிக்கு விலை உயர்ந்த சீப்பு வாங்கியும் பயனில்லை.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று மாதம் ஓய்ந்திருந்து, பிறகு விழும். அதனால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. வாரம் இரண்டு முறை மட்டும் தலைக்குக் குளிப்பவர்களுக்கு மூன்று நாள் முடி ஒரே நாளில் கையோடு வரும். வடிகால் சல்லடையில் அந்தச் சுருளைப் பார்த்துப் பதறாதீர்கள்.

அடுத்து, குளித்த எத்தனையாவது நாளில் மண்டையில் பிசுக்கு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளே என்றால் ஒரு வழக்கம், நான்காம் நாள் என்றால் வேறு வழக்கம். சுருள் முடியில் எண்ணெய்ப்பசை நுனி வரை இறங்க நேரமாகும்; அதனால் வேர் பிசுக்காகவும் நுனி வைக்கோலாகவும் இருப்பது அவர்களுக்குச் சாதாரணம்.

இரண்டாம் படி: தண்ணீரைக் கவனியுங்கள்

"பாட்டி காலத்தில் சீயக்காய் மட்டும்தான், எவ்வளவு கூந்தல் பாருங்கள்" என்று சொல்பவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அந்தப் பாட்டிகளில் பலருக்கு ஆற்று நீரோ நல்ல கிணற்று நீரோ கிடைத்தது. இரண்டு, அந்தக் காலத்திலும் கடைத்தெருவில் சவுரி விற்றது. கூந்தல் உள்ளவள் அள்ளி முடிந்தாள். இல்லாதவள் சவுரி வைத்துப் பின்னினாள். நமக்குச் சொல்லப்படும் கதை முதலாமவளைப் பற்றியது மட்டும்.

இன்று நகரின் புறப்பகுதிகளில் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அதில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை ஏற்கத்தக்கது; வேறு வழியில்லாதபோது 600 வரை அனுமதி. குழாய் முனையில் வெள்ளைப் படிவும் வாளி ஓரத்தில் கறையும் இருந்தால் உங்கள் வீட்டுத் தண்ணீர் கடின நீர் என்று பரிசோதனை இல்லாமலே சொல்லிவிடலாம்.

இந்த நீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போடவே கூடாது. கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து பிசினாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். போதாததற்குச் சோப்பின் காரத்தன்மை (பி.எச். 9 முதல் 10 வரை) முடியின் மேற்செதில்களை விரித்துவிடும். ஷாம்புவில் உள்ள நுரைப்பொருள்கள் இப்படித் திரிவதில்லை. அதனால் உப்புத் தண்ணீர் வீடுகளில் ஷாம்புதான் நியாயமான தேர்வு. வாளி முழுக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்பதில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு மூன்று குவளை நல்ல தண்ணீரோ, பிடித்து வைத்த மழைநீரோ இருந்தால் போதும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் சேமித்துத் தலைக்கு ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சிக்கனம் நல்லதுதான், ஆனால் அந்த நீரில் குழாய் நீரைவிட அதிக உப்பு இருக்கிறது. வாசல் கழுவப் பயன்படுத்துங்கள்.

மூன்றாம் படி: எண்ணெய், குளிப்பதற்கு முன்

எண்ணெய் முடியை வளர்க்காது. இதை எழுதும்போது என் அத்தையின் முகம் கண்முன் வருகிறது. இருந்தாலும் உண்மை இதுதான். எண்ணெய் செய்வது வேறு வேலை, அதுவும் மதிப்புள்ள வேலையே.

முடி நனையும்போது நீரை உறிஞ்சி உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு குளியலிலும் இது நடப்பதால் உள்ளிருக்கும் புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. முடித்தண்டுக்குள் புகுந்து நீர் புகும் அளவைக் குறைக்கிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது, புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆய்வு நடந்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் வேதியியல் விளக்கம் பொருந்துகிறது.

எனவே தலைக்குக் குளிக்கும் நாளில், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, நடுத்தர நீள முடிக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, காது மட்டத்திலிருந்து நுனி வரை தடவுங்கள். கடைசி பத்து சென்டிமீட்டருக்குத் தாராளமாக. முந்தைய இரவே தடவினாலும் தவறில்லை, தலையணை உறைதான் பாவம். காய்ச்சிய செம்பருத்தி, கறிவேப்பிலை, நெல்லிக்காய் எண்ணெய்கள் பிடித்திருந்தால் பயன்படுத்துங்கள். மணமும் பழக்கமும் சும்மா இல்லை. கடைப் புட்டியின் பின்புறத்தில் 'லைட் லிக்விட் பாரஃபின்' என்று இருந்தால் அது மினரல் எண்ணெய். வழுவழுப்புத் தரும், உள்ளே போகாது.

வெள்ளிக்கிழமை பெண்களுக்கு, சனிக்கிழமை ஆண்களுக்கு என்று வைத்த நல்லெண்ணெய்க் குளியலை நான் விட்டுவிடச் சொல்லமாட்டேன். சூடான எண்ணெயும் ஒருவர் கைப்பதமும் தரும் சுகத்துக்கு ஆய்வு தேவையில்லை. ஆனால் அன்று எண்ணெயை எடுப்பதற்காக மண்டையைச் சொரசொரவென்று தேய்க்கிறோமே, அங்கேதான் லாபம் நஷ்டமாகிறது. எண்ணெயைக் குறைத்தால் தேய்ப்பும் குறையும்.

பொடுகு உள்ளவர்கள் மண்டைத்தோலில் எண்ணெயே வைக்க வேண்டாம். பொடுகுக்குப் பின்னால் இருப்பது தோலின் எண்ணெய்ப்பசையைத் தின்று வாழும் ஒரு வகை ஈஸ்ட். "மண்டை காய்ந்துபோய்ச் செதில் உதிர்கிறது" என்று எண்ணெய் வைப்பது அதற்கு விருந்து. மருந்துக் கடையில் கிடைக்கும் 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை, நுரையை 3 முதல் 5 நிமிடம் மண்டையில் வைத்திருந்து கழுவுங்கள். போட்டவுடன் கழுவிவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்பவர்கள்தான் அதிகம். நான்கு வாரத்தில் அடங்கவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் போகவேண்டும்.

நான்காம் படி: கழுவும் முறை

நனைப்பதற்கு முன்பே சிக்கெடுத்துவிடுங்கள். நனைந்த முடிச்சு இறுகும்.

ஷாம்புவை நேராகத் தலையில் ஊற்றாமல், ஒரு குவளையில் பாதித் தண்ணீர் பிடித்துக் கலக்கிக்கொள்ளுங்கள். பாக்கெட் ஷாம்புவை நாடெங்கும் பரப்பியவர்கள் கடலூர்க்காரர்கள். அந்தப் பாக்கெட் ஒன்று தோள் அளவு முடிக்குப் போதுமானது. கலக்கியதை மண்டைத்தோலில் மட்டும் ஊற்றி, நகம் படாமல் விரல் நுனிகளால் ஒரு நிமிடம் மெதுவாக வட்டமிடுங்கள். நீளத்தைத் தலையுச்சியில் குவித்துத் துணிபோலக் கசக்கவேண்டாம். அலசும்போது வழிந்தோடும் நுரையே நீளத்துக்குப் போதும். வெதுவெதுப்பான நீர் போதும். ஆவி பறக்கும் நீர் தோலையும் காயவைக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? முதல் படியில் குறித்தீர்களே, பிசுக்கு ஏறும் நாள், அதற்கு முந்தைய நாள். பலருக்கு வாரம் இரண்டு முறை சரியாக வரும். ஹெல்மெட் போட்டு வெயிலில் அலைபவர்களும் தினம் உடற்பயிற்சி செய்பவர்களும் ஒன்றுவிட்டு ஒரு நாள் குளித்தாலும் கெடுதலில்லை. வியர்வையும் அழுக்கும் மண்டையில் ஊறுவதைவிட மென்மையான கழுவல் நல்லது. 'சல்பேட் இல்லாதது' என்ற முத்திரைக்காக மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. சாயம் போட்ட முடிக்கும் மிக உலர்ந்த முடிக்கும் அது உதவலாம், மற்றவர்களுக்கு நீர் கலந்த சாதாரண ஷாம்புவே போதும்.

சீயக்காயை விட மனமில்லாதவர்களுக்கு ஒரு திருத்தம். அதில் இயற்கையாகவே உள்ள சபோனின் என்ற நுரைப்பொருள் அழுக்கை நன்றாகவே எடுக்கும். தொல்லை தருவது பொடியின் திப்பி. பொடியை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்க்கும்போது திப்பி மணல்போல முடியை அரைக்கிறது. முழுக் காயை இரவு ஊறவைத்து, மறுநாள் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிய சாற்றை மட்டும் பயன்படுத்துங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த எரிச்சல் ஷாம்பு எரிச்சல் போல உடனே அடங்காது. கொங்குப் பக்கத்து அரப்புத் தூளுக்கும் இதே கதைதான். உசிலை மரத்து இலை; வழவழப்பு அதிகம், அரைபட்டது கொஞ்சம் நரநரப்பாக இருந்தாலும் அலசி எடுக்கப் பொறுமை வேண்டும்.

கண்டிஷனர் நாகரிகச் செலவு என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். தேய்ந்த முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது, கண்டிஷனரின் மூலக்கூறுகளில் நேர் மின்னூட்டம். அதனால் அவை சேதம் அதிகமுள்ள இடத்தில்தான் அதிகமாக ஒட்டுகின்றன. அப்புறம் சீப்பு வழுக்கிக்கொண்டு போகிறது. காதுக்குக் கீழே மட்டும் தடவி, இரண்டு நிமிடம் விட்டு அலசினால் போதும். வேரில் தடவினால் பிசுக்குத்தான். வாங்க மனமில்லை என்றால் செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த வழுவழுப்புச் சாறு ஓரளவு அந்த வேலையைச் செய்யும்.

ஐந்தாம் படி: உலர்த்துவதும் சீவுவதும்

முடி ஒடிவதில் பெரும்பகுதி குளித்து முடித்த அடுத்த அரை மணி நேரத்தில் நடக்கிறது என்பது என் எண்ணம். நீரில் ஊறிய முடியின் உள் பிணைப்புகள் தளர்ந்திருக்கும். இழுத்தால் ரப்பர்போல நீளும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாமல் அறுந்துவிடும்.

மொட்டை மாடியில் நின்று, தலையைக் குனிந்து, முறுக்கிய துண்டால் கூந்தலைப் பட் பட்டென்று அடித்து நீர் தெறிக்க உலர்த்தும் காட்சி நம் ஊர்களில் எவ்வளவு பழகியது! பார்க்க அழகுதான். பட்டுப்புடவையை அப்படி அடிப்போமா? அதை இன்றோடு நிறுத்துங்கள். சொரசொரப்பான டர்க்கி டவலுக்குப் பதில் நைந்த பருத்தி வேட்டியோ பழைய பருத்திப் புடவைத் துணியோ எடுத்து, முடியைக் கொத்தாகப் பிடித்து அழுத்தி நீரை ஒற்றி எடுங்கள். முறுக்கிக் கொண்டையாகக் கட்டி மணிக்கணக்கில் ஊறவிடவும் வேண்டாம்.

பிறகு காற்றாட விடுங்கள். முக்கால்வாசி காய்ந்தபின் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்குங்கள். கடைசி ஒரு சாண் சிக்கு விட்டதும் அதற்கு மேல் ஒரு சாண், அப்படியே வேர் வரை. வேரிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் சிக்கெல்லாம் கீழே ஒரே முடிச்சாகச் சேரும். மிகச் சுருளான முடிக்கு மட்டும் விதி மாறும்: அவர்கள் கண்டிஷனர் இருக்கும்போதே, ஈரத்தில், விரலாலோ அகலச் சீப்பாலோ சிக்கெடுப்பது நல்லது. காய்ந்த சுருளில் சீப்பு போட்டால் ஒடியும். 'தினம் நூறு முறை சீவினால் முடி வளரும்' என்பதை மறந்துவிடுங்கள். நூறு முறை உரசல், அவ்வளவுதான்.

சாம்பிராணிப் புகை மணத்துக்காக. இழுப்பு உள்ளவர்கள் வீட்டில் அது வேண்டாம்.

சீப்பையும் மாதம் இரண்டு முறை ஷாம்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். கழுவிய தலையில் பழைய பிசுக்கை மறுபடி பூசுவது வீண்.

ஆறாம் படி: பின்னல், தூக்கம், ஹெல்மெட்

பள்ளிக்கூடத்து இரட்டை ஜடையில் மடித்துக் கட்டிய ரிப்பனின் இறுக்கம் நினைவிருக்கிறதா? புருவம் மேலேறும் அளவுக்கு இழுத்துப் பின்னுவது ஒழுக்கத்தின் அடையாளமாக இருந்தது. தினமும் ஒரே திசையில் இழுபடும் வேர்கள் ஆண்டுக்கணக்கில் நலிந்து, நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னாலும் முடி மெலியும். தொடக்கத்தில் தளர்த்தினால் திரும்பும். வெகுகாலமானால் அந்த வேர் தழும்பாகி நிரந்தரமாக மூடிக்கொள்ளும். பின்னிய பிறகு தலை வலித்தால் அது இறுக்கம். வகிட்டையும் அவ்வப்போது இடம் மாற்றுங்கள். வெறும் ரப்பர் பேண்டை ஒழித்து, துணி சுற்றியதை வாங்குங்கள். நாலு முழம் மல்லிகையின் பாரத்தை இரண்டு ஹேர்பின்னில் தொங்கவிடாமல் பின்னல் முழுக்கப் பகிர்ந்து செருகுங்கள்.

இரவில் தளர்வான ஒற்றைப் பின்னல். ஈரத் தலையோடு ஹெல்மெட் போடவேண்டாம். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டினால் வியர்வை அதில் போகும், துணியைத் தினம் துவைத்துவிடலாம். ஹெல்மெட்டால் வழுக்கை வராது. வழுக்கையைக் காரணம் காட்டி ஹெல்மெட்டைத் தவிர்ப்பவர்களிடம் தலையா முடியா என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஏழாம் படி: வெப்பமும் ரசாயனமும்

ஈரம் இருக்கும்போது இஸ்திரிக் கருவியை வைத்தால் முடிக்குள் சிக்கிய நீர் கொதித்துக் குமிழ் விடும். அந்த இடத்தில் முடி ஒடியும். முழுக்கக் காய்ந்த பிறகு, 180 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஒரு பகுதியில் ஒருமுறை மட்டும். உலர்த்தி என்றால் ஒரு சாணுக்குக் குறையாமல் தள்ளிப்பிடித்து ஆட்டிக்கொண்டே இருங்கள்.

அழகு நிலையங்களில் 'கெரட்டின்' என்ற பெயரில் நடக்கும் நேராக்கல் பலவற்றில், சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு ஆவி வெளியேறும். கண் எரிந்தால் அதுதான். அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமில வகைகளால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. மென்மையான வழக்கத்தில் இதற்கு இடமே இல்லை என்பது என் முடிவு.

சாயம் போடுபவர்கள் முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள், முன்பு போட்டுப் பழகிய சாயமாக இருந்தாலும். மருதாணி இயல்பில் செம்பழுப்பு நிறம்தான் தரும். 'கறுப்பு மருதாணி' என்று விற்றால் அதில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற சாயம் இருக்கும். கடும் ஒவ்வாமை தரக்கூடியது.

எட்டாம் படி: தட்டும் மருத்துவரும்

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு டெங்கு வந்து தேறியது. தேறி மூன்றாம் மாதம், வாரினால் கொத்துக் கொத்தாக முடி வந்தது. காய்ச்சலை மறந்தே போயிருந்தேன். வெங்காய எண்ணெய் வாங்கினேன், பிறகு வேறொன்று, பிறகு இன்னொன்று. நான்காவது எண்ணெயின்போது உதிர்வு நின்றது. அந்த எண்ணெயை உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் சிபாரிசு செய்தேன். ஒரு தோல் மருத்துவர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார்: கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை, பட்டினி உணவுமுறை போன்றவற்றால் நிறைய வேர்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும், இரண்டு மூன்று மாதம் கழித்து அவை மொத்தமாக முடியை உதிர்க்கும், ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தானாகவே அடங்கும். நான்காவது புட்டி சரியான நேரத்தில் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறது.

முடி புரதத்தால் ஆனது. இட்லியும் சோறுமாக நாள் போனால் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றில் ஏதாவது ஒவ்வொரு வேளையும் தட்டில் விழட்டும். மாதவிடாயில் அதிக ரத்தம் போகும் பெண்களுக்கு இரும்புச் சேமிப்பு குறைவது சகஜம். ஹீமோகுளோபின் மட்டும் பார்க்காமல் ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), தைராய்டு பரிசோதனைகளை மருத்துவரிடம் கேளுங்கள். பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். குறைபாடு இல்லாதவர்களுக்கு அது உதவும் என்பதற்குச் சான்று குறைவு. தைராய்டு, மாரடைப்பு தொடர்பான சில ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் அது தவறாகக் காட்டவைக்கும்.

எண்ணெயையும் ஷாம்புவையும் விட்டுவிட்டு மருத்துவரிடம் போகவேண்டிய தருணங்கள்: வகிடு அகலமாகிக்கொண்டே போனால், நெற்றி ஓரம் ஏறினால், மண்டையில் வலி, சீழ், தழும்பு தெரிந்தால், குழந்தையின் தலையில் செதிலோடு வட்டமாக முடி கொட்டினால். காசு அளவுக்கு வழவழப்பாக வட்டம் விழுவதைப் புழுவெட்டு என்கிறோம். புழு எதுவும் வெட்டுவதில்லை. உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் வேரையே தாக்குவதால் வருவது. சின்ன வெங்காயத்தை வைத்துத் தோல் உரியத் தேய்ப்பதற்குமுன் ஒரு மருத்துவர் பார்க்கட்டும்.

வாரத்தில் இது எப்படி அமையும்

என் வழக்கத்தைச் சொல்கிறேன், உங்கள் தலைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். புதன் மாலையும் ஞாயிறு காலையும் தலைக்குக் குளியல். ஒரு மணி நேரம் முன்னால் சிக்கெடுத்து நீளத்துக்குத் தேங்காய் எண்ணெய். குவளை ஷாம்பு, நுனிக்குக் கண்டிஷனர், கடைசியாக இரண்டு குவளை நல்ல தண்ணீர். பழைய வேட்டித் துணி, மின்விசிறி. மற்ற நாட்களில் காலையும் இரவும் ஒருமுறை சீப்பு, தளர்வான பின்னல். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நுனியில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டு. பிளந்த நுனி மேலேறுவதற்கு அதைவிட நல்ல தடுப்பு இல்லை. பதினோரு புட்டிகள் மூன்றாகிவிட்டன.

தொடங்கும் நாளில், ஜன்னல் வெளிச்சத்தில், வகிடு தெரிய ஒரு படம், பின்புறம் நுனி தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஜன்னலில் மறுபடி எடுங்கள். புதிதாக வளர்ந்திருப்பது மூன்று சென்டிமீட்டர்தான் என்பதை மறக்காமல் ஒப்பிடுங்கள். நடுவில் கண்ணாடி முன் நின்று தினம் அளக்கவேண்டாம்.